மாணவர் நிதியைக் கொங்கிறீற்றில் கொட்டாதீர்கள்: எங்கள் கல்விச் சங்கத்தின் நிர்வாக சபைக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாக சபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற மாதம் நீங்கள் கூடி எடுத்த தீர்மானம் வட்ஸ்அப் குழுவில் வந்தது. அடுத்த மூன்று வருடங்களுக்குப் புதிய மாணவர் உதவி கிடையாது. நிதியில் இருக்கும் பணமும் இனி வரப்போகும் ஸகாத் என்ற கட்டாயத் தர்மப் பணமும் சங்கத்துக்கென மூன்று மாடிக் கட்டடம் எழுப்பச் செலவாகும். கீழே கடைகள், நடுவில் வரவேற்பு மண்டபம், மேலே அலுவலகம். அதன் கீழே பூப்படமும் துஆக் கைப்படமும் போட்டு நிறையப் பேர் மாஷா அல்லாஹ் என்று எழுதியிருந்தார்கள். நான் அங்கே ஒன்றும் எழுதவில்லை. எழுத நினைத்ததை எல்லோரும் வாசிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

நான் யார் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலருக்குக் கணிதம் படிப்பித்தவள். பொருளாளர் தம்பிக்கு நன்றாகவே படிப்பித்தேன் என்று நம்புகிறேன், அதனால் இந்த மடலில் வரும் கணக்குகளை அவரே சரிபார்க்கட்டும். இந்தச் சங்கத்தின் பணத்தில்தான் நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அதைத் தொடங்கியவர்களில் என் வாப்பாவும் ஒருவர். எனவே சங்கத்தின் கதையை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் நிர்வாக சபையில் இன்று இருக்கும் இளையவர்களுக்கு யாராவது சொன்னார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. அன்று கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் போக வேண்டுமென்றால் பாதை என்று நாங்கள் சொல்லும் படகில் ஏறிக் கடக்க வேண்டும். பாதை பழுதென்றால் அன்றைய பயணம் இல்லை. இருட்டிய பிறகு யாருக்காவது வலி கண்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டும். மூதூர்க்காரருக்கு இன்னும் மோசம், கொட்டியாரக் குடாவை லோஞ்சில் தாண்ட வேண்டும். உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படிக்க ஊரில் ஆசிரியர் இல்லை. டவுனில் தங்கிப் படிக்கச் சொந்தக்காரர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் கலைப்பிரிவு. அதுவும் இல்லாவிட்டால் வயல், வாடி, விறகு.

1974இல் பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்டக் கோட்டா வந்தது. பதியுத்தீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த காலம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலருக்குக் கதவைச் சாத்திய அதே ஏற்பாடுதான் எங்கள் மாவட்டத்துக்குக் கதவைத் திறந்தது. அந்த நியாய அநியாயத்தைப் பேச இது இடமில்லை, ஆனால் எங்கள் நன்மைக்குள் இன்னொருவரின் வலி இருந்தது என்பதை மறைத்தும் எழுத மாட்டேன். ஆக, கதவு திறந்தது. உள்ளே போக பஸ் காசு இல்லை.

என் வாப்பா தபால்காரர். எந்த வீட்டுக்கு எந்தக் கடிதம் வருகிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். ஒரு வீட்டுக்குப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கொடுத்துவிட்டு வந்தவர், சில மாதம் கழித்து அந்தப் பையனை விறகு வண்டிலோடு கண்டிருக்கிறார். கேட்டதற்கு, போடிங் காசும் கட்டில் மெத்தையும் இல்லாமல் எப்படிப் போவது மாமா என்றானாம். அன்று இரவு இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் வாப்பாவும், ஒரு தலைமை ஆசிரியரும், அரிசி ஆலை வைத்திருந்த ஒரு ஹாஜியாரும், மீன் வியாபாரம் செய்த இருவரும் உட்கார்ந்து பேசியதுதான் இந்தச் சங்கத்தின் முதல் கூட்டம். தலைவர் அவர்களே, அவர்கள் உட்கார்ந்த இடத்துக்கு அவர்கள் வாடகை கொடுக்கவில்லை.

முதல் கணக்குக் கொப்பி இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரு சீ.ஆர். கொப்பி. 2004 டிசம்பர் 26இல் கடல் வீட்டுக்குள் வந்தபோது நனைந்து, பின்னர் வெயிலில் காயவைத்தது. சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டு விட்டன, சிலவற்றில் நீல மை பரவிக் கிடக்கிறது. வாசிக்க முடிந்த பக்கங்களில் இப்படி இருக்கிறது: ஒரு பெயர், அதற்கு நேரே நெல் இரண்டு மரக்கால். இன்னொரு பெயர், தேங்காய் பத்து. ஒரு பெண்ணின் பெயர், கோழி முட்டை ஆறு. கருவாடு ஒரு கட்டு. ஒருவர் பெயருக்கு நேரே "அடுத்த போகத்தில்" என்று எழுதி, அதற்குக் கீழே வேறு மையில் "தந்தார்" என்று எழுதியிருக்கிறது. நெல்லையும் முட்டையையும் தேங்காயையும் ஜும்ஆ முடிந்ததும் பள்ளி வாசலில் ஏலம் விடுவார்கள். ஆறு முட்டை பத்து முட்டை விலைக்குப் போகும், ஏனென்றால் எதற்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். வாங்கியவரே அதைத் திருப்பிக் கொடுத்து மறுபடியும் ஏலம் விட்டதும் உண்டு.

அந்தப் பணத்தில் முதலில் அனுப்பப்பட்டவர்களில் விறகு வண்டில் ஓட்டிய அந்தப் பையனும் ஒருவர்.

இது கிண்ணியாவில் முளைத்த புது யோசனை என்று நான் பெருமையடிக்கவில்லை. சித்தி லெப்பை 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையை நடத்தத் தொடங்கியதிலிருந்து, 1884இல் கொழும்பில் பாடசாலை திறந்ததிலிருந்து, 1892இல் மருதானையில் ஸாஹிராக் கல்லூரி உருவானதிலிருந்து இந்த நாட்டு முஸ்லிம்கள் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள்: நவீனக் கல்வியில் நாங்கள் ஏன் பின்னால் நிற்கிறோம்? கிழக்கில் அதற்கு நடைமுறையில் பதில் சொன்னவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். வண்ணார்பண்ணையில் பிறந்து யாழ் இந்துக் கல்லூரியில் படித்து, இலங்கை சிவில் சேவைக்குப் போன முதல் முஸ்லிம். 1942இல் உலகப் போர்க்காலத்தில் உணவு உற்பத்தியைக் கவனிக்கக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர், வயலோடு சேர்த்துப் பிள்ளைகளையும் பார்த்தார். அங்கே ஒரு முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். 1945இல் அந்த எண்ணம் கொழும்பில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்த அதே வருடம். பாடசாலை இலவசம் என்று ஆன பிறகும் ஏழைப் பிள்ளைக்கு உடுப்பும் சாப்பாடும் தங்குமிடமும் இலவசமாகக் கிடைக்காது என்று அஸீஸ் அன்றே கண்டிருந்தார். எங்கள் வாப்பாமார் பின்பற்றியது அதைத்தான். கவனியுங்கள், அவர் தொடங்கியது நிதி.

எங்கள் சங்கத்தின் விதி எளிமையானது. படிக்கும் காலம் முழுக்கக் கொடுப்பது, வேலை கிடைத்ததும் வாங்கியவர் வட்டியில்லாமல் தவணையாகத் திருப்புவது. கர்ழன் ஹஸனா. முழுதாகவே முடியாதவர்களுக்கு மட்டும் ஸகாத்திலிருந்து திருப்பத் தேவையில்லாத உதவி. இரண்டுக்கும் தனித்தனிக் கொப்பி. ஒரு பிள்ளை திருப்பும் பணத்தில் அடுத்த பிள்ளை போகும். நான் திருப்பிய பணத்தில் தோப்பூரிலிருந்து ஒரு பெண் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள் என்று செயலாளராக இருந்தவர் ஒருநாள் வழியில் மறித்துச் சொன்னார். சம்பளத்தில் பிடித்துக் கட்டிய தவணை எனக்கு அதற்குப் பிறகு பாரமாகத் தெரியவில்லை.

இப்படித்தான் சங்கம் வளர்ந்தது. கிண்ணியாவோடு நிற்காமல் மூதூர், தோப்பூர், புல்மோட்டை, நிலாவெளி, டவுன் என்று போனது. அது வளர்ந்த காலம் நல்ல காலமும் அல்ல. எண்பதுகளிலிருந்து இந்த மாவட்டத்தில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். வீதி மூடுவது, ஊரடங்கு, கடத்தல், ஒரு பக்கம் இவர்கள் என்றால் மறுபக்கம் அவர்கள். அந்த வருடங்களில் கூட ஒவ்வொரு மாதமும் மணியோடர் போனது. சுனாமியில் கிண்ணியா ஆஸ்பத்திரியே அழிந்துபோன மாதத்திலும் போனது, ஒன்றிரண்டு வாரம் பிந்தித்தான். 2006 ஓகஸ்டில் மூதூர்ச் சனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கந்தளாய்க்கு நடந்து வந்தபோது, சங்கம் முகாமுக்குக் கொண்டு போனது கரும்பலகையும் சோக்கும் கடந்தகால வினாத்தாள்களும். மரத்தடியில் நானும் படிப்பித்தேன். டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகள் அவர்கள். அரிசி கொடுக்க வேறு அமைப்புகள் வந்திருந்தன. பரீட்சையைப் பற்றி நினைக்க எங்களைத் தவிர வேறு யாரும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

சரி, பழம்பெருமை போதும். உங்கள் நியாயங்களுக்கு வருகிறேன். நீங்கள் சொன்னவை எல்லாவற்றையும் நான் வாசித்தேன், சிலவற்றில் நியாயம் இருக்கிறது.

காலம் மாறிவிட்டது என்கிறீர்கள். மாறியிருக்கிறது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்ததும் கிண்ணியாவின் முகமே மாறியது. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் பாலம் வரவில்லை. கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தை எடுத்துவிட்டுப் புதியதைக் கட்டும் நாட்களில், 2021 நவம்பர் 23 காலையில், பாடசாலைக்குப் போன பிள்ளைகளோடு படகுப் பாதை கவிழ்ந்ததை மறந்துவிட்டீர்களா? ஜனாஸாவுக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். இந்த ஊரில் படிப்புக்காகத் தண்ணீரைத் தாண்டுவது வாப்பா காலத்தோடு முடிந்த கதையல்ல.

பல்கலைக்கழக மாணவருக்கு மஹாபொலப் புலமைப்பரிசில் இருக்கிறது, அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று ஒருவர் குழுவில் எழுதியிருந்தார். மஹாபொல வருடக்கணக்காக மாதம் 5,000 ரூபாயில் நின்றது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆனது. 2022இல் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்ட நாட்டில் அந்தப் பணத்துக்கு என்ன வாங்கலாம் என்பது சந்தைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம், மஹாபொலவின் முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆகும். அந்த முதல் மாதங்களில்தான் பிள்ளை உடைகிறது. போடிங்குக்கு முற்பணம், மெத்தை, மின்விசிறி, மடிக்கணினி, ஆங்கில வகுப்பு. வீட்டில் கேட்டால் உம்மா கழுத்தில் காதில் கிடப்பதைக் கழற்றுவாள். அதுவும் ஏற்கெனவே அடகில் இருந்தால்? 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது வெள்ளாமை விழுந்த குடும்பங்களில் பல இன்னும் அந்தக் கடனிலிருந்து எழும்பவில்லை.

இந்த வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் சொல்கிறேன், பிள்ளை வெட்கப்படக் கூடாது. கரைவலை இழுக்கிற ஒருவரின் மகள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு, பொறியியல் பீடம் கிடைத்திருக்கிறது. உங்கள் அலுவலகத்துக்கு விண்ணப்பத்தோடு போயிருக்கிறாள். அங்கே இருந்தவர் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, கட்டடம் முடியட்டும் மகள், அப்புறம் பார்ப்போம் என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். கடிதம் எழுதித் தரவில்லை, வேறு வழியும் சொல்லவில்லை. அவள் என்னிடம் வந்து கேட்டது ஒன்றுதான்: டீச்சர், கட்டடம் முடிய எத்தனை வருஷம் ஆகும்? பொறியியல் படிக்கப் போகிறவள், கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள்.

அதற்கு நான் கணக்குப் பார்த்தேன். உங்கள் மதிப்பீட்டில் கட்டடச் செலவு 4 கோடி 20 லட்சம். கையிருப்பு 90 லட்சம். மிச்சம் 3 கோடி 30 லட்சத்தை கத்தாரிலும் சவூதியிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகளிடம் சேர்ப்பதாகச் சொல்கிறீர்கள். இந்தச் சங்கம் படிக்கப் பணம் கொடுத்தது என்பதால்தான் அந்தப் பிள்ளைகள் தருகிறார்கள் என்பதை யோசித்தீர்களா? கட்டி முடித்தால் மாதம் ஒன்றரை லட்சம் வாடகை வரும் என்கிறீர்கள். வருடத்துக்கு 18 லட்சம். பராமரிப்பு, வரி, கரண்ட் பில், காவலாளி எதையும் கழிக்காமல், ஒரு கடை கூட ஒரு மாதம் கூடப் பூட்டிக் கிடக்காது என்று வைத்துக்கொண்டாலும், போட்ட பணம் திரும்பி வர 23 வருடத்துக்கு மேல். இதே 90 லட்சத்தை மாதம் பத்தாயிரம் வீதம் கொடுத்தால் 25 பிள்ளைகளை மூன்று வருடம் படிப்பிக்கலாம். அதில் பெரும்பகுதி கடனாகத் திரும்பியும் வரும். வரவேற்பு மண்டபங்கள் ஏற்கெனவே எத்தனை இருக்கின்றன, அவற்றில் எத்தனைக்கு வாரத்தில் ஒரு நாளாவது வெளிச்சம் விழுகிறது என்பதை ஒருதரம் ஊரைச் சுற்றிப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு யார் யாரோ கட்டித் தந்து, திறப்பு விழாவோடு பூட்டிய கட்டடங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடன் திரும்பி வருவதில்லை, முக்கியமாகப் பெண் பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போய்விடுகிறார்கள் என்ற உங்கள் முறைப்பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் கோபத்தோடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை சங்கத்திலிருந்து கடிதம் வரும், இவ்வளவு வாங்கினீர்கள், இவ்வளவு கட்டினீர்கள், இவ்வளவு பாக்கி என்று. சில வருடங்களாக அந்தக் கடிதம் நின்றுவிட்டது. கட்ட வந்தவளுக்கு றிசீற் எழுத ஆளில்லை. கடைசித் தவணைகளைக் கட்ட நானே அலைந்திருக்கிறேன். கேட்காத கடன் எப்படி வரும்? பெண்கள் எங்கே போய்விட்டார்கள் என்றால், கிண்ணியா, மூதூர் வலயப் பாடசாலைகளுக்குப் போய்ப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் கணிதமும் இரசாயனமும் படிப்பிக்கிற ஆசிரியைமார் யார் பணத்தில் படித்தார்கள் என்று கேளுங்கள். ஒரு காலத்தில் டவுனுக்குப் போகாமல் விஞ்ஞானம் படிக்க முடியாது என்றிருந்த ஊரில் இன்று ஊருக்குள்ளேயே படிக்க முடிகிறதென்றால் அது அவர்கள் திருப்பிய கடனில் சேராதா?

இனி ஸகாத். இதைப் பற்றி எழுத நான் ஆலிமா இல்லை. ஆனால் ஸகாத் யாருக்கு என்று தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எட்டுக் கூட்டத்தாரைச் சொல்கிறது, கட்டடம் அதில் இல்லை. நாங்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் என்ற மார்க்கச் சட்ட வழியில் ஸகாத் உரியவரின் கையில் அவருக்கே சொந்தமாகப் போய்ச் சேர வேண்டும். ஸகாத் பணத்தில் பள்ளிவாசல் கூடக் கட்டக் கூடாது என்பதுதான் பெரும்பாலான இமாம்களின் கருத்து. அந்த எட்டில் ஒன்றான அல்லாஹ்வின் பாதையில் என்பதை விரித்துப் பொருள் கொள்ளும் இக்கால அறிஞர்களும் இருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். அதைக் கலியாண மண்டபம் வரைக்கும் நீட்டிய ஒருவரை நான் இதுவரை கேள்விப்படவில்லை. நீங்கள் கேள்விப்பட்டிருந்தால் அந்த ஃபத்வாவை எழுத்தில் வெளியிடுங்கள். ஏழைப் பிள்ளைக்கென்று நிய்யத் வைத்துத் தந்த பணத்தை, தந்தவரிடம் கேட்காமல் வேறெதற்கும் திருப்புவது அமானிதத்தில் கை வைப்பது. அந்த சீ.ஆர். கொப்பியில் பெயர் இருக்கிற பலர் மௌத்தாகிவிட்டார்கள். அவர்களிடம் இனிமேல் சம்மதம் வாங்கவும் முடியாது.

சங்கத்துக்கு ஓர் அலுவலகம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. கோப்புகளை ஆள் மாறி ஆள் வீட்டில் வைத்து எலியும் கடலும் தின்றது போதும். அதற்கு ஒரு அறை போதும், ஓர் அலுமாரி, ஒரு கணினி. கட்டடம்தான் வேண்டும், அதில் பெயர்க்கல்லும் வேண்டும் என்று ஆசைப்படுகிற தனவந்தர்கள் இருந்தால் அவர்களிடம் அதற்கென்றே தனியாக வாங்குங்கள், தனிக் கணக்கில் வையுங்கள், நானும் என்னால் ஆனதைத் தருகிறேன். மாணவர் நிதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

தீர்மானம் எடுக்கப்பட்ட விதமும் சரியில்லை. சங்கத்தின் யாப்பில் நோக்கம் என்ற பகுதியில் இருப்பது மாணவருக்கு உதவுவது. நோக்கத்தை மாற்றப் பொதுக்கூட்டம் வேண்டும், அதற்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தல் வேண்டும். நீங்களோ நிர்வாக சபையில், இஷாவுக்குப் பிறகு, பள்ளிவாசல் மேல்மாடியில் கூடி முடித்துவிட்டீர்கள். சபையில் ஒரு பெண்ணும் இல்லை. உதவி பெறுவோரில் இன்று பாதிக்கு மேல் பெண்கள், கடன் திருப்புவோரிலும் பெண்கள், ஆயுட்கால உறுப்பினர் பட்டியலிலும் நாங்கள் இருக்கிறோம், கூட்டத்துக்கு மட்டும் எங்களுக்கு அழைப்பு வருவதில்லை. இது உங்கள் சபையோடு தொடங்கிய பழக்கமல்ல என்பது உண்மைதான். உங்கள் சபையோடு முடியலாமே.

தன்னார்வ சமூக சேவை அமைப்புகளுக்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற அமைப்பு இது. முறைகேடு என்று அங்கத்தவர் முறையிட்டால் விசாரிக்க வழி இருக்கிறது. அந்த வாசலுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. ஊர் விஷயத்தை ஊருக்குள் பேசி முடிப்பதுதான் எங்கள் வழக்கம். அதற்காகத்தான் இந்த மடல்.

நான் கேட்பவை இவை. கட்டடத் தீர்மானத்தை உடனே நிறுத்திவையுங்கள்; ஒப்பந்தக்காரருக்கு முற்பணம் எதுவும் கொடுக்காதீர்கள், கொடுத்திருந்தால் எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து என்று சொல்லுங்கள். இந்த வருடம் விண்ணப்பித்த பிள்ளைகளை, வாய்ச்சொல்லில் திருப்பி அனுப்பியவர்கள் உட்பட, மீண்டும் கூப்பிட்டு, பல்கலைக்கழகம் தொடங்கும் முன் முடிவைக் கடிதத்தில் கொடுங்கள். நான் சொன்ன பெண்ணுக்கு அடுத்த மாதம் போக வேண்டும், அவளுக்கு முதலில்.

ஸகாத், கடன் நிதி, பொது நன்கொடை என்று மூன்றையும் பிரித்து, கடந்த ஐந்து வருடக் கணக்கை வெளியாள் ஒருவரைக் கொண்டு கணக்காய்வு செய்து வெளியிடுங்கள். யார் யார் கடன் பாக்கி என்று பெயர் போட வேண்டாம், தொகை போதும். பாக்கிக் கடிதம் அனுப்பும் வேலையைத் திரும்பத் தொடங்குங்கள். ஆள் இல்லையென்றால் ஓய்வுபெற்ற ஆசிரியைமார் நாங்கள் சிலர் சம்பளமில்லாமல் செய்கிறோம், றிசீற் புத்தகத்தை மட்டும் தாருங்கள்.

விசேட பொதுக்கூட்டம் ஒன்றைக் கூட்டுங்கள். பகலில், ஒரு விடுமுறை நாளில், பாடசாலை மண்டபத்தில், மூதூரிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் வருகிறவர்கள் இருட்டுமுன் வீடு திரும்பக்கூடிய நேரத்தில். பெண் உறுப்பினர்களுக்கும் அழைப்புக் கடிதம் வரவேண்டும், வாக்கும் இருக்க வேண்டும். அடுத்த நிர்வாக சபையில் குறைந்தது மூன்று இடங்கள் பெண்களுக்கு என்று யாப்பில் எழுதும் பிரேரணையை அந்தக் கூட்டத்தில் நானே கொண்டு வருவேன், நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கான பதிலை றமழான் தொடங்கும் முன் எதிர்பார்க்கிறேன், ஏனென்றால் இந்த றமழானில் ஸகாத் கொடுக்கப் போகிறவர்கள் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். பதிலை வட்ஸ்அப்பில் மட்டும் போடாதீர்கள். எல்லாப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகைகளிலும் ஒட்டுங்கள், ஜும்ஆவுக்குப் பிறகு வாசித்தும் காட்டுங்கள். சங்கத்துக்கு இன்றும் நெல் அளந்து தருகிற பலரிடம் அந்தப் போன் இல்லை.

இப்படிக்கு,
ஆயுட்கால உறுப்பினர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கிண்ணியா, திருகோணமலை மாவட்டம்.